64 கிலோவில் எதைக் குறைப்பது?

மூன்றாம் ஓட்டை | 9 நவம்பர் 2025, காலை

ஆண், வயது 41. உயரம் 170 செ.மீ., எடை 64 கிலோ, பி.எம்.ஐ. (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 22.1. இடுப்பு 34 அங்குலம் (பேன்ட் அளவு). எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.3. மொத்தக் கொலஸ்ட்ரால் 200, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 238, எச்.டி.எல். ('நல்ல' கொலஸ்ட்ரால்) 34, எல்.டி.எல். ('கெட்ட' கொலஸ்ட்ரால்) 118. ஸ்கேன் அறிக்கையில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்'. டாக்டர் நாலு கிலோ இறக்கச் சொல்கிறார். பி.எம்.ஐ. அட்டவணையிலோ பச்சைக் கட்டத்தில் நிற்கிறேன், வீட்டில் 'இளைச்சுப் போயிட்டே' என்கிறார்கள். என் வாதம்: இதற்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் பரம்பரை. தவறென்றால் எங்கே தவறு என்று சொல்லுங்கள்.

அளவு நாடா | 9 நவம்பர், இரவு

முதலில் அந்த 34-ஐ அழியுங்கள். தொப்பை வந்த ஆண்கள் எல்லாரும் பேன்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் கட்டுகிறார்கள். அதனால் பத்து வருடமாக 34 மாறாமலே இருக்கும், மேலே இருப்பது மட்டும் வளரும்.

சட்டையைக் கழற்றி, கண்ணாடி முன் நில்லுங்கள். பக்கவாட்டில் விரலால் அழுத்திக் கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பைத் தேடுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நாடா, தரைக்கு இணையாக. மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடிக்கும்போது படியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. நாடா தோலைத் தொடணும், அமுக்கக் கூடாது. இரண்டு தடவை அளந்து, 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவை. பழைய தையல் நாடா இழுபட்டு நீண்டிருக்கும், இரும்பு ஸ்கேல் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

மூன்றாம் ஓட்டை | 10 நவம்பர்

93 செ.மீ. இரண்டு தடவையும். 34 அங்குலம் என்றால் 86 தானே வரணும்?

அளவு நாடா | 10 நவம்பர்

வரணும்தான். பேன்ட் தைத்தவர் உங்களிடம் மரியாதையாக நடந்துகொண்டிருக்கிறார்.

இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்கணும், உங்களுக்கு அது 85. நீங்கள் அதைவிட 8 செ.மீ. மேலே. தெற்காசியர்களுக்கான எல்லை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80. வளர்சிதை மாற்றக் கோளாறு என்று பெயர் வைக்க ஐந்தில் மூன்று போதும்: இடுப்பு, டிரைகிளிசரைடு 150 அல்லது மேல், எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்குக் கீழ் (பெண்களுக்கு 50), ரத்த அழுத்தம் 130/85 அல்லது மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல். கடைசி இரண்டையும் நீங்கள் எழுதவே இல்லை, அதற்குள் மூன்று வந்துவிட்டது.

'பரம்பரை' பாதி சரி. வீட்டில் நெல் கொட்டிவைக்கும் குதிர் (தானியக் களஞ்சியம்) ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புதான் குதிர். அதில் எவ்வளவு கிடந்தாலும் பெரிய தொந்தரவு இல்லை. குதிரின் கொள்ளளவைப் பரம்பரையும் கருவிலிருந்த காலமும் தீர்மானிக்கின்றன. நிறைந்த பிறகு கொட்டுகிற நெல் முற்றத்தில்தான் சிதறும், அதாவது கல்லீரலில், கணையத்தில், குடலைச் சுற்றி, தசைக்குள். சிலருக்கு 110 கிலோவில்கூடக் குதிரில் இடம் மிச்சம் இருக்கும். உங்களுக்கு 64-லேயே வழிகிறது. சர்க்கரை நோய் ஆய்வாளர்களான நியூகாசிலின் ராய் டெய்லரும் ஆக்ஸ்ஃபோர்டின் ரூரி ஹோல்மனும் 2015-இல் இதைத்தான் 'தனிநபர் கொழுப்பு வரம்பு' என்று எழுதினார்கள்.

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்ததும் அது இன்சுலின் சொல் கேட்பதில்லை. ராத்திரி முழுக்கச் சர்க்கரையை உற்பத்தி செய்து விடும், காலைச் சர்க்கரை ஏறும். மிஞ்சிய கொழுப்பை டிரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்துக்கு அனுப்பும். அந்தத் துகள்கள் எச்.டி.எல்.லோடு சரக்கு மாற்றிக்கொள்வதால் எச்.டி.எல். சீக்கிரம் அழியும், எல்.டி.எல். துகள்கள் சின்னதாகும். உங்கள் அறிக்கையில் இருக்கும் மூன்று கோளாறும் ஒரே குழாயின் மூன்று ஒழுகல்.

அளவு நாடா | 10 நவம்பர், பின்னிரவு

குதிர் உவமையை நம்பாதவர்களுக்கு இரண்டு சான்று. உடலில் கொழுப்புத் திசுவே உருவாகாத லிப்போடிஸ்ட்ரோஃபி என்று ஓர் அரிய நோய் உண்டு. குதிரே இல்லாத வீடு. எலும்பும் தோலுமாக இருப்பார்கள், கடுமையான சர்க்கரை நோயும் ஈரல் கொழுப்பும் இருக்கும். இன்னொன்று பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மாத்திரை. அது எடையைக் கூட்டும், ஆனால் சர்க்கரையும் ஈரல் கொழுப்பும் குறையும், ஏனென்றால் குதிரின் கொள்ளளவைப் பெரிதாக்குகிறது.

2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு படம் இன்னும் வகுப்புகளில் ஓடுகிறது. பூனாவின் யாஜ்னிக், லண்டனின் யட்கின், இரண்டு மருத்துவர்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதே யாஜ்னிக்கின் பூனா ஆய்வில் பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. பூனாக் குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்பும் சிறிது, தோலடிக் கொழுப்பில் மட்டும் அவ்வளவு குறைவில்லை.

உங்கள் பச்சைக் கட்டம் யாருடையது என்றும் பாருங்கள். இங்கிலாந்தில் சுமார் 15 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2021-இல் ஒரு கணக்கு வந்தது. வெள்ளையருக்கு பி.எம்.ஐ. 30-இல் இருக்கும் சர்க்கரை நோய் அபாயம் தெற்காசியருக்கு 23.9-லேயே வந்துவிடுகிறது. இந்திய வரையறை 2009-லேயே 23-இல் கூடுதல் எடை, 25-இல் உடல் பருமன் என்றது. சுவரில் தொங்கும் அட்டவணைகள் பல இன்னும் 25, 30 என்றே சொல்கின்றன.

ஆகவே பி.எம்.ஐ.யைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

சோதனைக்குழாய் | 11 நவம்பர்

ஆய்வகப் பக்கத்திலிருந்து மூன்று விஷயம்.

ஒன்று, அந்த 118 அளந்த எண் அல்ல, கழித்த எண். மொத்தம் 200, அதிலிருந்து எச்.டி.எல். 34, அப்புறம் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கு (47.6). மிச்சம் 118. டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கழித்தல் நம்பகம் இழக்கும், 400-க்கு மேல் செல்லவே செல்லாது. இவருக்குப் பார்க்க வேண்டியது மொத்தத்தில் எச்.டி.எல்.லை மட்டும் கழித்த எண், 166. எல்.டி.எல். இலக்கு 100 என்றால் இதன் இலக்கு 130. எல்.டி.எல்.லை மட்டும் பார்த்தால் 18 அதிகம், இதைப் பார்த்தால் 36 அதிகம். ஏபோ-பி (கெட்ட துகள்களின் எண்ணிக்கையைக் காட்டுவது) பரிசோதனை கிடைத்தால் இன்னும் தெளிவு.

இரண்டு, 10–12 மணி நேரப் பட்டினியில் கொடுத்த ரத்தமா? முந்தின இரவு கல்யாண விருந்தோ மதுவோ இருந்தால் அந்த 238-க்கு அர்த்தமில்லை.

மூன்று, இரும்புச் சத்துக் குறைவு எச்பிஏ1சி-யை ஏற்றிக் காட்டும். ஹீமோகுளோபின் பார்த்தீர்களா?

மூன்றாம் ஓட்டை | 11 நவம்பர்

12 மணி நேரப் பட்டினி. மது இல்லை. ஹீமோகுளோபின் 14.6. ஈரல் என்சைம்கள் ஏ.எஸ்.டி. 34, ஏ.எல்.டி. 52, பிளேட்லெட் 2.4 லட்சம். ஈரல் இறுகியிருக்கிறதா என்று பார்க்க ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இணையத்தில் இருந்தது, போட்டேன். 80 வருகிறது. 2.67-க்கு மேல் போனாலே ஆபத்து என்று எழுதியிருக்கிறான். பயமாக இருக்கிறது.

அளவு நாடா | 11 நவம்பர், பத்து நிமிஷம் கழித்து

பயப்படாதீர்கள், பிளேட்லெட்டை 2.4 என்று போட்டிருக்கிறீர்கள். 240 என்று போடணும், ஆயிரங்களில். நம் ஊர் அறிக்கை லட்சத்தில் வருவதால் பலர் விழும் பள்ளம் இது. வயது 41 பெருக்கல் ஏ.எஸ்.டி. 34, கீழே 240 பெருக்கல் 52-இன் வர்க்கமூலம் (7.2). விடை 0.8. 1.3-க்குக் கீழே இருப்பதால் ஈரலில் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு.

ஸ்கேனைப் பற்றியும் ஒரு வரி. ஈரலில் கொழுப்பு ஓரளவு கணிசமாகச் சேர்ந்த பிறகே அல்ட்ராசவுண்ட் கண்ணில் படும். 'நார்மல்' என்று வந்ததாலேயே கொழுப்பு இல்லை என்று ஆகாது.

அளவு நாடா | 14 நவம்பர்

'சரி, நாலு கிலோவை எங்கிருந்து எடுப்பது?' என்று தனிச்செய்தியில் மூன்று பேர். இங்கேயே போடுகிறேன்.

எண்ணெய். நாலு பேர் குடும்பம் மாதம் 4 லிட்டர் வாங்கினால் தலைக்கு 1 லிட்டர், நாளுக்கு 33 மி.லி., கிட்டத்தட்ட 275 கலோரி. யாரும் எண்ணெயைச் சாப்பிட்டதாக நினைப்பதில்லை, தோசைக்கல்லும் தாளிப்பும் சாப்பிட்டன என்று நினைக்கிறோம். ஸ்பூன் கணக்கு இரண்டு நாள்தான் தாங்கும். மாதச் சாமான் பட்டியலில் 4-ஐ 2 ஆக்குங்கள், நாளுக்கு 138 கலோரி போகும்.

சாதம். சமைத்த சாதம் 100 கிராமுக்கு 130 கலோரி. சமையல் தராசில் ஒரே ஒரு நாள் நிறுத்துப் பாருங்கள், 'கொஞ்சம்தான்' என்பது 300 கிராம் இருக்கும். 200 ஆக்கினால் 130 கலோரி போகும். காலியான இடத்தைப் பொரியலும் பருப்பும் முட்டையும் நிரப்பணும். நிரப்பாமல் விட்டால் நாலு மணிக்கு வடைக் கடை நிரப்பும்.

டீ. நாலு டீ, இரண்டிரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. பாதியாக்கினால் 80.

மூன்றும் சேர்ந்து சுமார் 350. ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு 7,700 கலோரி என்று வைத்தால் 12 வாரத்தில் 3.8 கிலோ.

புரதம் குறையக் கூடாது, இல்லாவிட்டால் இருக்கிற கொஞ்சத் தசையும் சேர்ந்து கரையும். கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், இவருக்கு 65–75. முட்டை 2 (12 கிராம்), பருப்பு வேகாத எடையில் 60 கிராம் (13), கொண்டைக்கடலைச் சுண்டல் வேகாத எடையில் 40 கிராம் (8), தயிர் 200 கிராம் (6), மீன் 100 கிராம் (20), மிச்சம் அரிசியிலும் உளுந்திலும் வரும். சைவர்கள் மீனுக்குப் பதில் பருப்பையும் தயிரையும் கூட்டி, சோயாவோ பன்னீரோ சேர்த்தால்தான் எட்டும். ரசத்தில் மிதக்கும் பருப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நடை மட்டும் போதாது. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கு போய்ச் சேரும் இடம் தசை. வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய குடத்தை முதுகு நேராக வைத்துத் தூக்கி இறக்குவது, ஒவ்வொன்றும் 10–12 தடவை, மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை சிரமப்படணும். சாப்பாட்டுக்குப் பிறகு 10–15 நிமிடம் நடை தனி.

அளவு நாடா | 15 நவம்பர்

நேற்றைய 3.8 அப்படியே வராது. எடை இறங்க இறங்க உடல் எரிப்பதும் குறையும், 7,700-ஐ நேர்கோடாக நீட்டக் கூடாது. மூன்று கிலோ வந்தாலும் கணக்குப் பொய்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் ஒன்றரை கிலோ இறங்கி ஏமாற்றும், பெரும்பாலும் தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமித்த ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் 3 கிராம் அளவு நீர் ஒட்டியிருக்கும். ஊறுகாய், கருவாடு சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறுவதும் தண்ணீர்தான். காலையில் கழிப்பறை போய்வந்து வெறும் வயிற்றில் நிறுங்கள், ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதுங்கள். கொழுப்பு சதவீதம் காட்டும் தராசு மின்சாரத்தை உடலில் அனுப்பி ஊகிக்கிறது. ஒரு செம்பு தண்ணீர் குடித்தாலே பதில் மாறும்.

சீரகத் தண்ணீர் | 19 நவம்பர்

எனக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை, கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின். நாளையிலிருந்து நானும் சாதத்தைப் பாதியாக்கப் போகிறேன் அண்ணே.

அளவு நாடா | 19 நவம்பர்

நாளைக்கு வேண்டாம். முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. கிளிமிபிரைடு நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, கணையத்தைப் பிழிந்து இன்சுலினை எடுத்துவிடும். சாதத்தைப் பாதியாக்கி மாத்திரையை அப்படியே விட்டால் மதியம் பதினொன்றரைக்கு வியர்த்து, கை நடுங்கி உட்காருவீர்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே கதை. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் இந்தப் பயம் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள்) எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் வேறு ஆபத்து, சர்க்கரை அவ்வளவு ஏறாமலே ரத்தம் அமிலமாகும். பிரஷர் மாத்திரையும் எடை இறங்கினால் அதிகமாகிப்போகும், தோராயமாகக் கிலோவுக்கு 1 மி.மீ. அழுத்தம் இறங்கும். எழுந்து நிற்கும்போது கிறுகிறுத்தால் அதுதான்.

சர்க்கரை வந்தபிறகும் எடைக்கு வேலை உண்டு. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடிலும் நடந்த டைரக்ட் ஆய்வில் நாளுக்கு 825–853 கலோரி திரவ உணவு, 3 முதல் 5 மாதம். ஓராண்டில் 46 சதவீதம் பேர் மாத்திரையின்றிச் சர்க்கரை இல்லாத நிலைக்கு வந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் இறக்கியவர்களில் 86 சதவீதம். ஆனால் அவர்கள் எல்லாரும் நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள். எட்டு வருடம் என்றால் வாய்ப்புச் சுருங்கும், பூஜ்யம் ஆகாது. ராய் டெய்லரே பி.எம்.ஐ. 27-க்குக் கீழே இருந்த 20 நோயாளிகளை எடுத்துச் செய்து பார்த்தார், 14 பேருக்குப் பலித்தது. ஒல்லியானவன் எதைக் குறைப்பது என்று மேலே கேட்டவருக்கும் இதுதான் பதில்.

வேகம் பற்றி: வாரம் ஒன்றரை கிலோவைத் தாண்டினால் பித்தப்பைக் கல், யூரிக் அமிலம் ஏறிக் கட்டைவிரல் வீங்குதல் இரண்டும் வரலாம்.

அளவு நாடா | 2 டிசம்பர்

10-ஆம் தேதி பின்னிரவில் பி.எம்.ஐ.யைக் குப்பையில் போடச் சொன்னேன். இப்போது ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு, 'எனக்கு பி.எம்.ஐ. 34, ஆனால் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாம் சுத்தம், குதிரில் இடம் இருக்கிறது' என்கிறார். குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்து வைக்கிறேன்.

97 ஆய்வுகள், 18 லட்சம் பேர், 2014 லான்செட். பருமனால் வரும் மாரடைப்பு அபாயத்தில் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை மூன்றும் சேர்ந்து விளக்குவது 46 சதவீதம்தான். பக்கவாதத்தில் 76. அதாவது மூன்று எண்ணும் சுத்தமாக இருந்தாலும் மாரடைப்புப் பங்கில் பாதிக்கு மேல் வெளியே நிற்கிறது. பிரிட்டனில் 35 லட்சம் பேரைத் தொடர்ந்த இன்னொரு கணக்கில், 'சுத்தமான' பருமன் உள்ளவர்களுக்குச் சாதாரண எடையினரைவிட இதய ரத்தக்குழாய் நோய் 49 சதவீதம் அதிகம், இதயச் செயலிழப்பு 96 சதவீதம் அதிகம். கூடுதல் உடம்புக்கும் சேர்த்து ரத்தம் இறைப்பது இதயம்தானே. தூக்கத்தில் மூச்சடைப்பும் அங்கேதான் வரும்.

ஆகவே திருத்தம்: பி.எம்.ஐ. 30-க்கு மேல் என்றால் அந்த எண்ணே போதும், மேலே வாதம் வேண்டாம். 19-க்கும் 27-க்கும் நடுவில்தான் அது நம்மவர்களிடம் பொய் சொல்லும், அங்கே நாடா.

அந்தச் சூத்திரத்தைப் பெல்ஜியத்தின் புள்ளியியலாளர் கெத்லே 1830-களில் போட்டது 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று பார்க்க. அமெரிக்க ஆய்வாளர் அன்சல் கீஸ் 1972-இல்தான் இந்தப் பெயரை வைத்தார். உங்கள் இதயத்தைப் பற்றி இருவருமே எதுவும் சொல்லவில்லை.

அளவு நாடா | 6 டிசம்பர்

எடை குறைக்கும் ஊசி பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. செமாகுளூட்டைடு 2.4 மி.கி., செலக்ட் ஆய்வு, 2023. சர்க்கரை இல்லாத, ஏற்கெனவே இதய நோய் உள்ள, பி.எம்.ஐ. 27-க்கு மேற்பட்ட 17,604 பேர். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு சேர்த்து 20 சதவீதம் குறைந்தது. பி.எம்.ஐ. 22 உள்ளவருக்கு இந்த ஆய்வு பேசவில்லை. நிறுத்தினால் ஓராண்டில் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வரும்.

இதற்கு எதிர்ப்பக்கம் லுக் அஹெட் என்ற ஆய்வு. சர்க்கரை உள்ள 5,145 பேர், சாப்பாடும் உடற்பயிற்சியும் மட்டும், பத்து வருடத்துக்கு அருகில். எடையும் சர்க்கரையும் இறங்கின, மாரடைப்பு எண்ணிக்கை இறங்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எடை இறங்குவது மட்டுமே இதயத்தைக் காக்கிறது என்று சொல்ல நா எழவில்லை.

சென்னைக் கணக்கு இன்னும் சுவாரசியம். சர்க்கரை நோய் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, 2006-இல் வெளிவந்தது, சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேர். மூன்று வருடத்தில் சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது, நடையும் சாப்பாடும் மாற்றியவர்களில் 39.3. இத்தனைக்கும் எடை சொல்லும்படி இறங்கவே இல்லை. தராசு அசையாத வாரங்களில் விட்டுவிட நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒட்டி வைக்கலாம்.

மூன்றாம் ஓட்டை | 15 பிப்ரவரி 2026

12 வாரம் முடிந்தது. எடை 60.5, இடுப்பு 88. எச்பிஏ1சி 5.9, ஏ.எல்.டி. 36. மொத்தம் 180, டிரைகிளிசரைடு 150, எச்.டி.எல். 33, எல்.டி.எல். 117. நல்ல கொலஸ்ட்ரால் ஒன்று குறைந்திருக்கிறது, கெட்டது ஒன்றே ஒன்று இறங்கியிருக்கிறது. இதற்கா இத்தனை பாடு?

சோதனைக்குழாய் | 15 பிப்ரவரி

கழித்துப் பாருங்கள் சார். 166 இப்போது 147.

அளவு நாடா | 16 பிப்ரவரி

எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது எச்.டி.எல். தற்காலிகமாக இறங்குவது வழக்கம். எடை ஒரே இடத்தில் நின்று 6–8 வாரம் கழித்துப் பார்த்தால் ஏறியிருக்கும். ஈரல் ஒழுகல் அடைபட்டதற்குச் சாட்சி டிரைகிளிசரைடும் ஏ.எல்.டி.யும்.

எல்.டி.எல். வேறு குழாய். எடைக்கு அது பெரிதாக அசையாது. நெய், தேங்காய்ப்பால், பாமாயில், பேக்கரிச் சாமான் குறைத்தால் கொஞ்சம் அசையும், மிச்சம் பரம்பரை. (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுக்குப் போகலாமா என்று நடுவில் கேட்டீர்கள். ஒல்லியானவர்கள் சிலருக்கு அதில் எல்.டி.எல். கண்டபடி ஏறும், உங்களுக்கு வேண்டாம்.) 147 இன்னும் 130-க்கு மேலேதான், ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை) பேச்சை மருத்துவரிடம் எடுங்கள். போகும்போது லிப்போபுரதம்-ஏ (பரம்பரையாக வரும் ஒரு கொலஸ்ட்ரால் துகள்) பரிசோதனையும் கேளுங்கள், ஆயுளுக்கு ஒரு முறை போதும். 50 மி.கி.க்கு மேல் என்றால் அபாயம் கூடுதல். அதை எந்தச் சாப்பாடும் எந்த நடையும் அசைக்காது, ஆக முதல் நாள் நீங்கள் சொன்ன 'எல்லாம் பரம்பரை' அங்கே மட்டும் செல்லும்.

இடுப்பு 85-ஐத் தொட இன்னும் 3 செ.மீ. இருக்கிறது. அதற்காகத் தராசை இன்னும் இறக்க வேண்டாம், 60-இல் நிறுத்திக் குடத்தைத் தூக்குங்கள்.

மூன்றாம் ஓட்டை | 16 பிப்ரவரி

பெல்ட் இப்போது ஐந்தாம் ஓட்டை. பெயரை மாற்றிக்கொள்ளவா?

அளவு நாடா | 16 பிப்ரவரி

பெல்ட் எங்கே கட்டியிருக்கிறீர்கள்? தொப்புளுக்குக் கீழேதானே. நாடாவை எடுங்கள்.